பிறர் வீட்டுத் திறவுகோல்

மனிதன் வீடு கட்டக் கற்றுக்கொண்ட காலத்திலேயே அதற்குக் கதவு வைக்கவும் கற்றுக்கொண்டான். யாரை உள்ளே அழைப்பது, யாரை வாயிலோடு நிறுத்துவது, எந்த நேரத்தில் கதவைச் சாத்துவது என்பதைத் தீர்மானிப்பது இல்லறத்தாரின் அன்றாடப் பொறுப்புகளுள் ஒன்றாக இருந்துவந்துள்ளது. கூடத்தில் விருந்தினரோடு பேசுவது ஒன்று. அடுக்களையில் குடும்பத்தாரோடு பேசுவது வேறு. பூஜையறையில் இறைவனோடு பேசுவது இன்னும் வேறு. மூன்றும் நேர்மையான பேச்சுகளே. ஆயினும் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்தால் மூன்றும் கெடுகின்றன.

இன்று அந்தக் கதவு கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. வாட்ஸ்அப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற சமூக ஊடகங்களில் ‘செட்டிங்ஸ்’ என்னும் பகுதிக்குள் ‘பிரைவசி’ என்றொரு பக்கம் உள்ளது. ஒருவருடைய புகைப்படத்தை யார் காணலாம், அவர் கடைசியாக எப்போது வந்துபோனார் என்பதை யார் அறியலாம், அவரை யார் ஒரு குழுவில் சேர்க்கலாம் என்பவற்றை அங்கே அவரே முடிவு செய்துகொள்ளலாம். இந்த அந்தரங்க அமைப்புகளைப் பெரும்பாலோர் தற்காப்பு ஏற்பாடாகவே எண்ணுகின்றனர். மோசடிக்காரரிடமிருந்தும் வம்பர்களிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள அவை பயன்படுகின்றன என்பது உண்மையே. ஆனால் அந்தச் சிறிய பக்கத்தில் ஓர் அறக்கேள்வியும் அடங்கியிருக்கிறது. 2018-ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு செய்தி அக்கேள்வியை இந்தியர் முன்னே எண்களாகவே எடுத்து வைத்தது.

335 பேரும் ஐந்தரை லட்சம் பேரும்

பல ஆண்டுகளுக்கு முன்பு ஃபேஸ்புக்கில் ஒரு செயலி இருந்தது. சில வினாக்களுக்கு விடையளித்தால் ஒருவருடைய மனப்பாங்கு எத்தகையது என்பதை அது கணித்துச் சொல்லும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் 2013-இல் அதை உருவாக்கினார். அதன் வழியாகத் திரட்டப்பட்ட விவரங்கள், தேர்தல் பிரசாரங்களுக்குப் பணிபுரிந்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2018 மார்ச் மாதம் இது வெளிச்சத்துக்கு வந்தபோது உலகெங்கும் பெரும் பரபரப்பு எழுந்தது. உலக அளவில் 8.7 கோடிப் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும் என்று ஃபேஸ்புக் நிறுவனமே அறிவித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் அந்நிறுவனத்துக்கு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இந்தியாவைப் பற்றி அந்நிறுவனம் 2018 ஏப்ரலில் அளித்த கணக்கு சிந்தனைக்குரியது. இந்நாட்டில் அந்தச் செயலியை நிறுவிக்கொண்டவர்கள் 335 பேர் மட்டுமே. ஆனால் அவர்களின் வழியாக மேலும் 5,62,120 பேருடைய விவரங்கள் வெளிச்சென்றிருக்கக்கூடும். காரணம் எளியது. ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி அளித்தால், அவருடைய நண்பர்களைப் பற்றிய சில விவரங்களையும் அச்செயலி எடுத்துக்கொள்ள அக்கால விதிமுறைகள் இடமளித்தன. அனுமதி அளித்த ஒவ்வொருவருக்கும் சராசரியாக 1,600-க்கும் மேற்பட்டோர் ஆட்பட்டிருக்கலாம். அந்த ஐந்தரை லட்சம் பேர் எந்த வினாவுக்கும் விடையளிக்கவில்லை. எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒருவரை நண்பராக ஏற்றுக்கொண்டது ஒன்றுதான்.

அந்த 335 பேரும் தீயவர்கள் அல்லர். பொழுதுபோக்காகச் சில வினாக்களுக்கு விடை சொன்னவர்கள். தம் வீட்டுக் கதவைத் திறப்பதாகவே அவர்கள் எண்ணியிருப்பர். உண்மையில் அவர்கள் கையில் இருந்தது பிறர் வீட்டுத் திறவுகோலும்கூட.

எது ஒருவருடையது?

இங்கேதான் தத்துவம் கேட்க வேண்டிய கேள்வி எழுகிறது. ஒருவர் எதைக் கொடுக்க உரிமை பெற்றவர்? தானத்தைப் பற்றி ஆராய்ந்த அறநூலார் அனைவரும் ஒப்புக்கொள்ளும் அடிப்படை ஒன்று உண்டு: தன்னுடையதையே ஒருவன் தானம் செய்ய முடியும். தன்னிடம் இருப்பது வேறு, தன்னுடையதாக இருப்பது வேறு. அண்டை வீட்டார் யாத்திரை செல்லும்போது ஒப்படைத்துவிட்டுப் போன நகைப்பெட்டி ஒருவரிடம் இருக்கலாம். ஆனால் அது அவருடையது அன்று. அதை அடைக்கலப் பொருள் என்பர். தன் பொருளைக் காப்பதைவிட அடைக்கலப் பொருளைக் காப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்பதே இந்நாட்டின் பழைய நெறி.

ஒருவருடைய கைப்பேசியில் உள்ளவற்றுள் எவ்வளவு அவருடையது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். அதில் நூற்றுக்கணக்கான தொலைபேசி எண்கள் உள்ளன. அவற்றுள் அவருக்குச் சொந்தமானவை ஒன்றோ இரண்டோதான். மற்றவையெல்லாம் பிறர் ஒரு காரணத்துக்காக நம்பிக் கொடுத்தவை. புகைப்படங்களில் பேரக் குழந்தைகள் உள்ளனர். அவர்கள் வளர்ந்தபின் அப்படங்களைப் பற்றி என்ன எண்ணுவர் என்பதை இன்று எவரும் அறியார். நண்பர் ஒருவர் தமக்கு வந்த நோயைப் பற்றி இரவில் எழுதிய செய்தி உள்ளது. உறவினர் ஒருவரின் மகளுக்கு வரன் தேடும் பேச்சு உள்ளது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், அந்தச் சிறு கருவி ஓர் அடைக்கலப் பெட்டகமாகவே தோன்றும்.

பதஞ்சலி முனிவர் யோக சாதகனுக்கு விதித்த ஐந்து யமங்களுள் அஸ்தேயமும் ஒன்று. திருடாமை என்று அதை எளிதாகப் பொருள் கொள்கிறோம் என்பர் பலர். ஆனால் உரிமையாளர் கொடாததை எடுத்துப் பயன்படுத்தாதிருத்தல் என்றே அதன் பொருள் விரிகிறது. ஒரு புதிய செயலி ‘உங்கள் தொடர்பு எண்களைக் காண அனுமதிக்கிறீர்களா?’ என்று கேட்கும்போது, அதற்குத் தேவை இருக்கிறதா என்று எண்ணிப் பாராமல் ‘சரி’ என்று அழுத்துபவர், தாம் ஒரு யமத்தின் எல்லையில் நிற்பதை அறிவதில்லை. அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால் பிறர் உடைமையை எடுத்துக்கொள்ள மற்றொருவருக்கு வழி திறந்துவிடுகிறார்.

இரண்டு எதிர்வாதங்கள்

இதற்கு ஆன்மிக நோக்குடையவர்களிடமிருந்தே ஒரு மறுப்பு எழக்கூடும். ‘உண்மையாக வாழ்பவனுக்கு ஒளிக்க என்ன இருக்கிறது? மகான்களின் வாழ்க்கை திறந்த புத்தகமாக இருக்கவில்லையா? பூட்டும் மறைப்பும் கள்ளம் உள்ளவர்களுக்கு அல்லவா தேவை?’ என்று அவர்கள் கேட்கலாம்.

இக்கேள்வியில் ஒரு மயக்கம் இருக்கிறது. கள்ளத்தை ஒளிப்பதும் அந்தரங்கத்தைக் காப்பதும் ஒன்றல்ல. ஜபம் செய்பவர் கதவைச் சாத்திக்கொள்வது குற்றத்தை மறைக்க அன்று. மருத்துவர் நோயாளியைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சோதிப்பதும் பொய் அன்று. பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயம் வாக்கினால் செய்யும் தவத்தை விளக்கும்போது, வாய்மையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பிறரைக் கலங்கச் செய்யாமை, இனிமை, நன்மை ஆகியவற்றையும் அதனோடு சேர்த்தே கூறுகிறது. ஒரு செய்தி உண்மையாக இருப்பது மட்டுமே அதைப் பரப்புவதற்குப் போதிய காரணம் ஆகாது என்பது இதனால் விளங்கும்.

மேலும், தம் வாழ்க்கையைத் திறந்து வைத்த சான்றோர் தம்முடையதைத் திறந்து வைத்தனர். தம்மிடம் வந்து மனம்விட்டு அழுதவர்களின் துயரங்களை அவர்கள் ஊரறியச் சொன்னதில்லை. எனவே ‘எனக்கு ஒளிக்க எதுவுமில்லை’ என்பவரின் கூற்று அவரைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அவரிடம் காக்க வேண்டியது நிறைய உண்டு, அது பிறருடையது.

இரண்டாவது மறுப்பு சலிப்பிலிருந்து பிறப்பது. ‘நிறுவனங்களுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். இந்தப் பக்கத்தில் நாலைந்து தெரிவுகளை மாற்றுவதால் என்ன ஆகிவிடப்போகிறது?’ என்பது அதன் வடிவம். இதில் பாதி உண்மை உண்டு. இந்த அமைப்புகள் பெரும்பாலும் பிற பயனர்களின் பார்வையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. அந்நிறுவனத்தின் பார்வையை அவை முழுவதும் தடுப்பதில்லை. ஆனால் அன்றாட வாழ்வில் ஒரு பெண்ணின் புகைப்படத்தை எடுத்துத் திரிப்பவனும், முதியவரின் உறவுகளை ஆராய்ந்து ‘நான் உங்கள் மருமகனின் நண்பன்’ என்று பணம் கேட்பவனும் நிறுவனத்தின் மாளிகையிலிருந்து வருவதில்லை. திறந்து கிடக்கும் பக்கத்தின் வழியாகவே வருகின்றனர். முழுமையாகக் காக்க இயலாது என்பதால் இயன்ற அளவும் காவாதிருப்பது அறமாகாது.

சட்டம் நிற்கும் இடம்

இந்தியாவில் இக்கேள்வி நீதிமன்றங்களில் நெடுநாள் ஆராயப்பட்டது. அந்தரங்கம் அரசியல் சாசனம் அளித்த அடிப்படை உரிமை அன்று என்ற கருத்து 1962-இல் கரக் சிங் வழக்கின் தீர்ப்பில் இடம்பெற்றது. உத்தரப் பிரதேசத்தில் ஒருவர் மீது காவல்துறை வைத்த கண்காணிப்பைப் பற்றிய வழக்கு அது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012-இல் தொடுத்த வழக்கின் தொடர்ச்சியாக, 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கருத்தை நீக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒன்பதின்மரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர் வாழும் உரிமையிலும் தனிமனித சுதந்திரத்திலும் அது அடங்கியுள்ளது என்பது தீர்ப்பின் சாரம். மனிதனின் கண்ணியத்தோடு பிணைந்த ஒன்றாக அதை அவர்கள் கண்டனர்.

பின்னர் 2023-இல் எண்ணிமத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மக்களின் தகவல்களைத் திரட்டும் நிறுவனங்கள் எதற்காகத் திரட்டுகின்றன என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்றெல்லாம் அது வகுத்துள்ளது. ஆனால் அதே சட்டம் ஒரு விலக்கையும் தெளிவாகக் கூறுகிறது. தனிமனிதர் ஒருவர் தம் சொந்தத் தேவைக்காகவோ இல்லத் தேவைக்காகவோ கையாளும் தகவல்களுக்கு அச்சட்டம் பொருந்தாது.

இந்த விலக்கு நியாயமானதே. உறவினர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்பவரை எல்லாம் சட்டம் விசாரிக்கத் தொடங்கினால் இல்வாழ்க்கை நடவாது. எனினும் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். குடும்பக் குழு, நண்பர் குழு, சத்சங்கக் குழு ஆகியவற்றுக்குள் மனிதர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் பெரும்பாலான தவறுகளின் மீது இச்சட்டத்தின் கண் படுவதில்லை. அங்கே காவலாக இருக்க வேண்டியது மனச்சாட்சி.

தொழில்நுட்பமும் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு முதல் வாட்ஸ்அப் செய்திகள் வழியில் எவரும் படிக்க இயலாதபடி மறையாக்கம் செய்யப்பட்டே செல்கின்றன. அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே அதைப் படிக்க முடியும். ஆனால் பெற்றவர் அதைப் படம் பிடித்து இன்னொரு குழுவுக்கு அனுப்புவதை எந்த மறையாக்கமும் தடுக்காது. பாதை முழுவதும் காவல் உண்டு. இரு முனைகளிலும் இருப்பவை மனித உள்ளங்கள்.

மாற்றாமல் விடுவதும் ஒரு தீர்மானமே

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்கும்போது அமைப்புகள் ஏற்கெனவே ஒரு நிலையில் வைக்கப்பட்டிருக்கும். அந்நிலையைத் தேர்ந்தவர் பயனர் அல்லர், நிறுவனத்தார். 2014 மே மாதம் வரை ஃபேஸ்புக்கில் புதிதாகச் சேர்ந்தவரின் பதிவு, அவர் மாற்றாத வரை, உலகத்தார் அனைவரும் காணும்படியே அமைந்திருந்தது. அம்மாதத்தில்தான் அது ‘நண்பர்கள்’ என மாற்றப்பட்டது. அதற்கு முன் சேர்ந்த எத்தனையோ பேர் தாங்கள் எதையும் தீர்மானிக்கவில்லை என்றே எண்ணியிருப்பர். ஆனால் வைத்ததை வைத்தபடி விட்டதே அவர்களின் தீர்மானமாகிவிட்டது.

முக்குணங்களுள் தமஸ் என்பது செயலற்றுக் கிடக்கும் இயல்பு. தீயதைச் செய்யாதவரும் தமஸின் வயப்பட்டுத் தீமைக்கு இடமளிக்கக்கூடும். எனவே அரைமணி நேரம் ஒதுக்கி இந்த அமைப்புகளைச் சரிபார்ப்பதைச் சாதனையின் ஒரு சிறு அங்கமாகவே கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் புகைப்படம், கடைசி வருகை, ஸ்டேட்டஸ் ஆகியவற்றைத் தொடர்பில் உள்ளோர் மட்டும் காணும்படி வைக்கலாம். தம்மை யார் குழுக்களில் சேர்க்கலாம் என்பதையும் அவ்வாறே வரையறுக்கலாம். இவ்வசதி 2019-இல் வந்தது. ஆறு இலக்க ரகசிய எண்ணால் கணக்குக்கு இரண்டாவது பூட்டுப் போடலாம். ஃபேஸ்புக்கில் முன்பு எல்லாரும் காண இட்ட பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே முறையில் நண்பர்கள் மட்டும் காணும்படி மாற்றலாம். நண்பர் பட்டியலையே பிறர் காணாதபடி மறைக்கலாம். தம் பக்கத்தை முழுவதுமாகப் பூட்டும் வசதியை அந்நிறுவனம் 2020-இல் இந்தியாவில், குறிப்பாகப் பெண்களை மனத்தில் கொண்டு, அறிமுகப்படுத்தியது. கைப்பேசியின் ‘செட்டிங்ஸ்’ பகுதிக்குச் சென்றால், எந்தச் செயலிக்குத் தொடர்பு எண்கள், இருப்பிடம், கேமரா ஆகியவற்றைக் காணும் அனுமதி உள்ளது என்று தெரியும். வேண்டாததைத் திரும்பப் பெறலாம்.

இவற்றுள் நண்பர் பட்டியலை மறைப்பதும் தொடர்பு எண்களுக்கான அனுமதியைத் திரும்பப் பெறுவதும் தனிக் கவனத்துக்குரியவை. அவை முதன்மையாகப் பிறருக்காகச் செய்யப்படுபவை. அவற்றால் அதிக நன்மை பெறுபவர்கள், அப்படி ஒன்று நடந்ததையே அறியமாட்டார்கள்.

நற்பணியில் ஒளிந்துள்ள ஆபத்து

தீய நோக்கத்தோடு செய்யும் தவறுகளைக் கண்டுகொள்வது எளிது. நல்ல நோக்கத்தோடு செய்பவற்றைக் கண்டுகொள்வது கடினம். இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

ஓர் ஊரில் வாராந்திர சொற்பொழிவு நடக்கிறது. வருபவர்களின் எண்களைப் பதிவேட்டில் எழுதி வாங்குகிறார் ஒரு தொண்டர். நிகழ்ச்சி நேரத்தைத் தெரிவிப்பதற்காக இருநூறு பேரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கிறார். அந்நொடியே இருநூறு பேரின் எண்களும் இருநூறு பேருக்கும் தெரிந்துவிடுகின்றன. அவர்களுள் தனியே வாழும் முதிய பெண்மணி இருப்பார். கல்லூரி மாணவி இருப்பார். அவர்கள் எண்ணைக் கொடுத்தது தொண்டருக்கு, நேரம் அறிவதற்கு. ஒருவர் எண்ணை மற்றவர் அறியாமலே அனைவருக்கும் செய்தி அனுப்ப ‘பிராட்காஸ்ட்’ பட்டியல் என்னும் வசதி அதே செயலியில் உண்டு. தொண்டரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுமாறு வருபவர்களிடம் சொல்லிவிட்டால் போதும். அதைப் பயன்படுத்துவதற்கு வேண்டியது இரண்டு நிமிடம். அதைவிட முக்கியமாக, அவர்களின் இடத்தில் தம்மை வைத்து எண்ணிப் பார்க்கும் மனம்.

இரண்டாவது, அன்னதானத்திலும் வெள்ள நிவாரணத்திலும் எடுக்கும் புகைப்படங்கள். அரிசிப் பையை வாங்கக் கை நீட்டும் தாயின் முகம், போர்வை பெறும் முதியவரின் முகம், புத்தகப் பை பெறும் சிறுமியின் முகம் ஆகியவை அன்று மாலையே ஆயிரக்கணக்கானோரின் கைப்பேசிகளில் வந்துவிடுகின்றன. ‘இதைக் கண்டு இன்னும் பலர் கொடுக்க முன்வருவார்கள்’ என்பது அதற்குக் கூறப்படும் காரணம். அக்காரணம் பொய்யன்று. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமையும் தொண்டு நிறுவனங்களுக்கு உண்டு.

ஆயினும் அந்தத் தாயிடம் எவரேனும் ஒப்புதல் கேட்டார்களா? கேட்டிருந்தாலும், பசித்த குழந்தையோடு வரிசையில் நிற்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியுமா? மறுக்க இயலாத நிலையில் இருப்பவரின் மௌனத்தை ஒப்புதலாகக் கொள்ள அறம் அனுமதிப்பதில்லை. நாளை அச்சிறுமியின் வகுப்புத் தோழிகள் அப்படத்தைக் காணக்கூடும். பல ஆண்டுகள் கழித்து அக்குடும்பம் நல்ல நிலைக்கு உயர்ந்தபின்னும் அது எங்கேனும் ஒரு கைப்பேசியில் இருக்கும். கீதையின் அதே 17-ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரித்து, கைம்மாறு கருதாமல் அளிப்பதைச் சாத்விகம் என்றும், பயன் கருதி அளிப்பதை ராஜசம் என்றும், மதிப்பின்றி இகழ்ந்து அளிப்பது தாமசத்தின்பாற்படும் என்றும் காட்டுகிறது. கொடுப்பவர் மனத்தில் இகழ்ச்சி சிறிதும் இல்லாதபோதும், பெறுபவரின் முகத்தை அவர் விரும்பாத இடத்தில் நிறுத்துவது அவருக்கு இகழ்ச்சியாகவே முடியலாம்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. அடுக்கி வைத்த பொருள்களைப் படமெடுக்கலாம்; சமைக்கும் கைகளைப் படமெடுக்கலாம்; பெறுபவர்களை முகம் தெரியாதபடி பின்புறமிருந்து எடுக்கலாம்; எத்தனை பேருக்கு எவ்வளவு வழங்கப்பட்டது என்று கணக்கை எழுதலாம். கொடுப்பதற்கு முன்பன்றி, கொடுத்து முடித்த பின் அமைதியாகப் பேசி, விரும்பியவரின் படத்தை மட்டும் வெளியிடலாம்.

பகிர்வதற்கு முன்

ஒரு படத்தையோ செய்தியையோ எண்ணையோ பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளை மனத்தில் எழுப்பிக்கொள்வது இந்நெறியைப் பழக்கமாக்கும். இது யாருடையது? எதற்காக இது கொடுக்கப்பட்டது? உரியவர் இப்போது அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் இதைச் செய்ய மனம் வருமா? மூன்றாவது கேள்வியே எளியது. அதுவே பெரும்பாலும் விடையளித்துவிடும்.

அந்தரங்கத்தைப் பற்றிய பேச்சு ‘என் உரிமை’ என்ற இடத்தில் தொடங்குவது இயல்பு. அவ்வுரிமை மெய்யானது; அதைக் காக்க நீதிமன்றங்கள் உள்ளன. ஆனால் கைப்பேசியே இல்லாத பாட்டியும், இன்னும் பேசக் கற்காத குழந்தையும், நிவாரண வரிசையில் நிற்கும் தாயும் எந்த ‘செட்டிங்ஸ்’ பக்கத்தையும் திறந்து தம் விருப்பத்தைக் குறிக்க முடியாது. படம் எடுப்பவரின் கையில்தான் அவர்களுக்குரிய கதவு இருக்கிறது. அவர்கள் கேட்காமலே அதைச் சாத்தி வைப்பது, அவர்கள் ஒருபோதும் அறியப்போகாத ஓர் உதவி. கைம்மாறு கருதாத கொடை என்று சொல்ல அதற்கும் தகுதி உண்டு.